துயரத்தில் உறைந்த உடல் அசைய வேண்டும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் ஆகியவற்றுக்கான தீர்மானங்களுக்கு நீங்கள் ஒப்புதல் தந்துவிட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ். மீதமிருப்பது கடைசித் தீர்மானம். நம் பள்ளிக்கூட மைதானத்தைத் தினமும் சுப்ஹுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பெண்களுக்கும், அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆண்களுக்கும் நடைக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் திறந்துவிடுவது. மரணம், விபத்து, புயல், வீட்டுக்குள் நடக்கும் அடி உதை இவற்றால் மனம் உடைந்து கிடப்பவர்களைத் தேடிப் போய் அங்கே அழைத்து வருவது. தீர்மானம் இவ்வளவுதான்.

அழைப்பிதழில் இதைப் பார்த்ததுமே தொலைபேசி அழைப்புகள் வந்தன. "டிரஸ்ட் ஜிம் தொறக்கப் போவுதா?" என்று ஒருவர் கேட்டார். "ஜகாத் காசுல ஓட்டப் பந்தயமா?" என்றார் இன்னொருவர். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம். ஜகாத் நிதியிலிருந்து ஒரு பைசாவும் இதற்கு எடுக்கப்படாது. அது யார் யாருக்கு உரியது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. இது பொது நன்கொடையிலிருந்து செய்யப்படுவது. அதுவும் பெரிய தொகை அல்ல. எங்களுக்கு உங்களிடம் தேவைப்படுவது பணத்தைவிடச் சம்மதம்தான்.

இந்த எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, 2004 டிசம்பர் 26-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை இந்தக் கடற்கரையில் உள்ளவர்களுக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. நம் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். நம் வாலிபர்கள் அன்று செய்த சேவையை இன்றும் மற்ற சமுதாயத்தினர் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். எந்த மதம் என்று பார்க்காமல் உடல்களைத் தூக்கினார்கள், குழி வெட்டினார்கள், அடக்கம் செய்தார்கள். நாமும் அதைப் பல மேடைகளில் பெருமையோடு சொல்லிவிட்டோம். உணவு கொடுத்தோம், பாய் கொடுத்தோம், தையல் இயந்திரம் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறோம்.

தூக்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

அப்படித் தூக்கியவர்களில் ஒரு சகோதரர் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். சம்பவத்தைச் சொல்ல அனுமதி தந்தார். அப்போது அவருக்கு 23 வயது, ஊரில் பெயர் பெற்ற கால்பந்து ஆட்டக்காரர். தொடர்ந்து பல நாட்கள் அந்த வேலையைச் செய்தார். அதன் பிறகு அவரால் பிளீச்சிங் பவுடர் வாசனையைத் தாங்க முடியவில்லை. அந்த நாட்களில் தெருவெல்லாம் அதைத்தான் கொட்டி வைத்திருந்தார்கள். பஜாரில் ஒரு கடை ஷட்டரை வேகமாக இழுத்துவிட்டால் உடம்பு தூக்கிப் போடும். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க மாட்டார். மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டுத் திண்ணையிலேயே உட்கார ஆரம்பித்தார்.

நாம் என்ன செய்தோம்? ஓதிப் பார்த்தோம். ஸபர் செய்யும்படி உபதேசம் செய்தோம். கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும் என்றோம், முடித்தும் வைத்தோம். ஓதிப் பார்ப்பதையோ ஸபரையோ நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய நெஞ்சுத் துடிப்பையும் உள்ளங்கை வியர்வையையும் ஈமான் குறைவு போலப் பேசியவர்கள் நம்மில் இருந்தார்கள். அந்தப் பேச்சு அவரைத் திண்ணையிலிருந்தும் எழுப்பி வீட்டுக்குள் அனுப்பிவிட்டது.

அவரை வெளியே கொண்டு வந்தது நம் அறக்கட்டளை அல்ல, அவருடைய மச்சான் மகன். பள்ளிக்கூடப் பையன். தெருப் பசங்க மேட்சுக்கு நடுவர் கிடைக்கவில்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். முதல் நாள் கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். அடுத்த வாரம் கோட்டோரமாக நடந்திருக்கிறார். பல வாரங்கள் கழித்து ஒரு மாலை, பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டு முட்டியில் கை வைத்துக் குனிந்து நின்றபோது நடந்ததை அவர் எங்களிடம் சொன்னார். "நானா, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. மூச்சு வாங்குச்சு. ஆனா பயம் வரலை. ஓடுனதுனாலதான் அடிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு."

இதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் இந்த விஷயத்தைப் படிக்கவும், தெரிந்த மனநல மருத்துவர்களிடம் விசாரிக்கவும் தொடங்கினோம். அவர் சொன்ன அந்த வார்த்தைக்குள் பெரிய உண்மை இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஆபத்து வரும்போது உடல் நம்மிடம் யோசனை கேட்பதில்லை. மூளைக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது; அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது; ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. சண்டையிடு அல்லது ஓடு என்பதற்கான ஏற்பாடு இது. இரண்டும் முடியாத நிலையில் உடல் அப்படியே உறைந்துபோகிறது. அல்லாஹ் நம்மைக் காப்பதற்காக உடலில் வைத்த ஏற்பாடுதான் இது. ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நின்றும் விடுகிறது. சிலருக்கு மட்டும் அது நிற்பதில்லை. பல ஆண்டுகள் கழிந்தும் உடல் அதே நாளில் நின்றுகொண்டிருக்கிறது. நடந்தது முடிந்துவிட்டது என்று அறிவுக்குத் தெரியும், உடலுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் டிராமா என்று சொல்கிறார்கள். நாம் மன அதிர்ச்சி என்கிறோம். ஆனால் அது மனத்தில் மட்டும் இருப்பதில்லை. தோளில் இறுக்கமாக, வயிற்றில் பிசைவாக, கண்ணில் தூக்கமின்மையாக இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்குத் தன் இதயத் துடிப்பே எதிரியாகிவிடுகிறது. நெஞ்சு அடித்தால் ஆபத்து வந்துவிட்டது என்றுதான் அவர் உடல் எடுத்துக்கொள்ளும். அதனால் மாடிப்படி ஏறுவதைக்கூடத் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கூடுகிறது. மெதுவாக, அவருடைய விருப்பத்தோடு, பாதுகாப்பான இடத்தில் நடந்து, கொஞ்சம் வேகமாக நடந்து, மூச்சு வாங்கி, பிறகு அது தானாக அடங்குவதைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கும்போது உடல் ஒரு புதிய பாடம் கற்கிறது. நெஞ்சு அடிக்கும், அடங்கும், எதுவும் நடக்காது. வாயால் நூறு முறை சொன்னாலும் உடல் இதைக் கேட்காது. நடந்து காட்டினால்தான் கேட்கும்.

இது ஒரு சகோதரரின் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. ஆஸ்திரேலியாவில் மன அதிர்ச்சி நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 81 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதே சிகிச்சையோடு வாரம் மூன்று முறை அரை மணி நேரத் தசைப் பயிற்சியும், அடிகளை எண்ணும் கருவியோடு நடைப்பயிற்சியும். 12 வாரங்களில் இரண்டாம் பிரிவினருக்கு அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்திருந்தன. அமெரிக்காவில் பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு 64 பெண்களைப் பற்றியது. அனைவரும் நீண்ட காலமாகச் சிகிச்சை பெற்றும் குணமாகாதவர்கள். வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 வாரங்கள் ஒரு பிரிவினர் மெதுவான யோகா செய்தார்கள். மற்றவர்களுக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு நடந்தது. முடிவில் யோகா செய்த 31 பேரில் 16 பேர் நோயாளி என்ற வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்த 29 பேரில் 6 பேர்.

யோகா என்ற சொல் நம்மில் சிலருக்கு நெருடும் என்பது தெரியும். மந்திரமோ வணக்கமோ நமக்கு வேண்டாம். கை காலை மெதுவாக நீட்டி மடக்கி, மூச்சைக் கவனித்து, இது என் உடம்பு, இதை நான் அசைக்கிறேன் என்று உணர்வதுதான் அங்கே வேலை செய்திருக்கிறது. அதற்கு எந்த மார்க்கத்தின் முத்திரையும் இல்லை. நம் தெருக்களில் ஒரு காலத்தில் உஸ்தாதுகள் சிலம்பம் சொல்லிக் கொடுத்தார்கள். அடி வைப்பு, திருப்பம், மூச்சு எல்லாம் அதிலும் இருந்தன. அந்தக் களங்களை நாம் மனைக்கட்டாக்கி விற்றுவிட்டோம். அது வேறு கதை.

தொழுகையே உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு என்று ஓர் அன்பர் கேட்டார். தொழுகையை உடற்பயிற்சி என்று சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது இபாதத், அல்லாஹ்வுக்காகச் செய்வது. அதனால் உடலுக்கு நன்மை கிடைத்தால் அது அவனுடைய அருள். ஆனால் அந்த அன்பரின் கேள்வி எங்களை வேறு இடத்துக்கு இட்டுச் சென்றது. குர்ஆனில் சோதனையின் உச்சத்தில் இருந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். நீண்ட நோயில் நொந்துபோன அய்யூப் நபிக்கு முதலில் வந்த கட்டளை, காலால் தட்டு என்பது. தன்னந்தனியாகப் பிரசவ வேதனையில் மரணத்தையே ஆசைப்பட்ட மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் பேரீச்ச மரத்தை உலுக்கச் சொல்லப்பட்டது. ஒரு பெண் உலுக்கியா பழம் விழப்போகிறது? பழத்தையும் தண்ணீரையும் நேரடியாக மடியில் போட அல்லாஹ்வால் முடியாதா? முடியும். ஆனாலும் அந்தச் சிறு அசைவு அவர்களிடமிருந்து கேட்கப்பட்டது. பாலைவனத்தில் பச்சைக் குழந்தையோடு நின்ற ஹாஜர் அம்மையார் உட்கார்ந்து அழவில்லை. ஏழு முறை இரண்டு குன்றுகளுக்கு இடையே ஓடினார்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் எல்லாரும் இன்று வரை அந்தத் தாயின் ஓட்டத்தைத்தான் ஓடுகிறார்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழக்கமாகக் கேட்ட துஆ ஒன்றில், கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடிய அதே மூச்சில் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் தேடினார்கள். இந்த நான்கும் ஏன் ஒன்றாக வந்தன என்று மதரஸாவில் ஓதிய நாளில் நாங்கள் யோசித்ததில்லை.

இனி, மாடியில் இருக்கும் சகோதரிகளின் விஷயத்துக்கு வருகிறோம். இதில்தான் அறக்கட்டளை தன் தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்த ஒரு சகோதரி. மருத்துவமனையிலிருந்து மையித்து உறைக்குள் சுற்றி வந்தது. முகம் பார்க்க முடியவில்லை. நம் தொண்டர்கள் பாதுகாப்பு உடையோடு அடக்கம் செய்தார்கள். அவர் இத்தா இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் முடிந்தது. மார்க்கம் அவருக்கு விதித்த காலம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் நம் ஊர் வழக்கம் முடிய விடவில்லை. "புருசன் போய் வருசம்கூட ஆகலை, அதுக்குள்ள வாசலுக்கு வந்துட்டா" என்ற ஒற்றை வார்த்தைக்குப் பயந்து அந்த அறையிலேயே இருந்தார். நாங்கள் அரிசியை வீட்டுக்கே அனுப்பினோம். மருந்தை வீட்டுக்கே அனுப்பினோம். கல்வி உதவிப் படிவத்தையும் பொறுப்பாளர் வீட்டு வாசலிலேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கி வந்தார். கண்ணியமாகச் செய்கிறோம் என்று எங்களுக்குப் பெருமை. அவர் வாசற்படி தாண்டுவதற்கு இருந்த எல்லாக் காரணங்களையும் நாங்களே எடுத்துவிட்டோம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒன்றரை ஆண்டு அவர் சரியாகத் தூங்கவில்லை. கால் நரம்புகள் இழுக்கும் என்பார். பிள்ளை சத்தமாகக் கூப்பிட்டால் நடுங்குவார்.

பிறகு நம் தையல் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு அவர் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. மகளோடு நடந்தே வந்து நடந்தே போனார். சில மாதங்கள் கழித்து எங்கள் மகளிர் பொறுப்பாளர் அவரிடம் தையல் எப்படி வருகிறது என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "தையல் ஒண்ணும் வரலை ராத்தா. தூக்கம் வருது." எந்த இயந்திரம் அவருக்கு உதவியது, ஊசி போட்ட இயந்திரமா, அவருடைய இரண்டு கால்களா என்பதை நாங்கள் அன்றுதான் யோசித்தோம். மற்றப் பெண்களோடு பேசியதும் சேர்ந்து உதவியிருக்கும். நடை மட்டுமே எல்லாம் செய்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இத்தா காலத்திலேயே தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர நம் ஃபிக்ஹில் இடம் இருக்கிறது. விவரத்தை இங்கே அமர்ந்திருக்கும் ஹளரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தா முடிந்த பிறகு ஒரு பெண்ணை அறைக்குள் வைப்பது மார்க்கம் அல்ல, தெருப்பேச்சு. பெண்கள் மைதானத்தில் நடப்பதா என்று கேட்பவர்களுக்கு, நாயகம் அவர்கள் ஆயிஷா அன்னையாரோடு ஓட்டப் பந்தயம் வைத்த ஹதீஸை நினைவூட்டுகிறோம். முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள். பிற்காலத்தில் ஒரு முறை நாயகம் ஜெயித்து, அன்றைக்கு இது பதில் என்றார்கள். பர்தா பற்றிய கவலை நியாயமானது. அதற்காகவே மேற்குப் பக்கச் சுவர் உயர்த்தப்படும். பெண்கள் நேரத்தில் காவலாளி உட்பட எந்த ஆணும் வளாகத்துக்குள் இருக்க மாட்டார். சாவி மகளிர் பொறுப்பாளரிடம் இருக்கும். படம் எடுக்க அனுமதி இல்லை. அறக்கட்டளையின் விளம்பரத்துக்காகவும் இல்லை.

மைதானத்தில் என்ன நடக்கும்? விசில் ஊதி அணிவகுக்கும் வேலை இல்லை. திடீர்ச் சத்தமே அங்கே கூடாது. புதிதாக வருபவர் முதல் நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் போதும். பிறகு பத்து நிமிடம் நடை. பிறகு இன்னும் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடல் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதை எட்ட சிலருக்கு ஆறு மாதம் ஆகலாம், ஆகட்டும். யாரையும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மச்சான் மகன் இழுத்தானே என்பீர்கள். அவன் செல்லப் பிள்ளை. நாம் இழுத்தால் அது வேறு. தன் விருப்பமில்லாமல் ஒன்று தன் மீது நடந்ததுதான் இவர்களின் காயம். போகலாம், நிற்கலாம், திரும்பிவிடலாம் என்ற முடிவு முழுக்க அவர்கள் கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது ஒருவருக்குப் பழைய நினைவு வந்து நடுங்கினால் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். ஒருவர் மட்டும் அருகில் இருந்து, உட்கார வைத்து, பாதத்தைத் தரையில் பதிக்கச் சொல்லி, எதிரே தெரியும் மரத்தையும் சுவரையும் பெயர் சொல்லச் சொன்னால் மெல்ல இந்த நேரத்துக்குத் திரும்புவார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று துருவிக் கேட்பது கண்டிப்பாகக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் சிரமம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். நடை மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மாத்திரை சாப்பிடுபவர்கள் மைதானத்துக்கு வந்துவிட்டோம் என்று அதை நிறுத்தக் கூடாது. இதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இந்த நோய்க்கென்றே முறையான உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமின்மையும் கெட்ட கனவும் நடுக்கமும் தொடர்ந்தால் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். கூட வர ஆள் இல்லை என்றால் அறக்கட்டளை ஆள் அனுப்பும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க முத்தவல்லி அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. 2018-இல் கஜா வந்தது. கூரை பறந்த இரவில் கட்டிலுக்கடியில் பதுங்கிய பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்றும் காற்று பலமாக அடித்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நிற்கிறார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். இவர்கள் யாருடைய பெயரும் எங்கள் உதவிப் பதிவேட்டில் இல்லை. அந்தப் பதிவேட்டில் இதற்கென்று ஒரு பத்தியே கிடையாது.

அந்தக் கால்பந்து சகோதரர் இன்று இந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம். அஸர் நேரப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சுப்ஹு நேரத்துக்கு மூன்று சகோதரிகள் பெயர் தந்திருக்கிறார்கள். அந்தத் தையல் வகுப்புச் சகோதரி அவர்களில் ஒருவர்.

தலைவர் அவர்கள் இப்போது தீர்மானத்தை வாசிப்பார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள். மாடியில் உள்ளவர்கள் சீட்டில் எழுதிக் கீழே அனுப்புங்கள். அந்தச் சீட்டுகளும் வாக்காகவே எண்ணப்படும். தீர்மானம் நிறைவேறினால், இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை சுப்ஹுக்குப் பிறகு மைதானத்தின் தென்மூலையில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும். அரிவாளும் மண்வெட்டியும் வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தேநீர் அறக்கட்டளை தரும்.